பையோடு நட்ட செடி

அந்த வேலியை நட்டது நான்தான். யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்குத் தோட்டம் பார்க்கும் வேலை. ஆர்டரில் ‘பசுமை வளாக அலுவலர்’ என்று போட்டிருக்கும். தாவரவியலில் முதுகலை முடித்து, கல்லூரி வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு வயதைத் தொலைத்த பிறகு கிடைத்த உத்தியோகம் இது. திருநின்றவூரில் காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று சுற்றி எட்டு மணிக்குக் கேட்டுக்குள் இறக்கிவிடும். சாயங்காலம் ஆறரைக்கு அதே பஸ். நடுவில் வெளியே போகவேண்டும் என்றால் கேட் பாஸ் வேண்டும். பாஸில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு அவருடைய மீட்டிங் முடிய வேண்டும். அவருடைய மீட்டிங் முடிந்து நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்றுகூட அவர் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். கதவு திறந்தபோது அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று போன் வந்துவிட்டது.

ஒயர் கட்டும் பெண்கள் எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்கு ஐந்தரைக்கு ஷிப்ட் முடியும். முடிந்த உடனே போய்விட முடியாது. உள்ளே செம்புக் கம்பி புழங்குவதால் மெயின் கேட்டில் பை, டிபன் பாக்ஸ், கொண்டை வரை தடவிப் பார்ப்பார்கள். இருநூறு பேருக்குச் சோதனை செய்ய இரண்டே பெண் செக்யூரிட்டி. வரிசை கேன்டீன் வரை நிற்கும். கேட்டைத் தாண்டினாலும் ரோட்டைச் சுற்றித்தான் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும்.

ஆனால் பின்பக்கம் ஒரு வழி இருந்தது. கம்பெனிக்குப் பின்னால் ஓர் ஓடை. ஓடைப் புறம்போக்கை ஒட்டிச் சுவர் கட்டக் கூடாது என்று சர்வேயர் சொல்லிவிட்டதால் அங்கே முள்கம்பிதான் கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பியையும் யாரோ இரும்புக் கடைக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடைவெளியில் குனிந்து இறங்கினால் ஓடை. மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர், மற்ற நாளில் வெறும் மணல். ஏறினால் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. பத்தே நிமிடத்தில் ஸ்டேஷன். ரயிலுக்கு அவசரமுள்ள பெண்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

மேனேஜருக்கு இது தெரிய வந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், அந்தப் பக்கமாத்தான் காப்பர் வெளியே போகுது. சுவர் கட்ட விட மாட்டேங்கறாங்க. நீங்க செடி வச்சே அடைங்க. ஒரு எலி நுழையக் கூடாது.”

செம்பு அந்தப் பக்கம் போவதை யாரும் பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு வருஷமாக அந்தக் கம்பெனியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியெல்லாம் ரிசப்ஷனில் எந்தப் பூந்தொட்டி வைப்பது என்பதுதான். முதல் தடவையாக ஒருவர் என் படிப்பிடம் வந்து ஒரு வேலையைக் கேட்கிறார். எலி என்ன, எறும்புகூட யோசித்துத்தான் நுழையும், அப்படி ஒரு வேலி போட்டுக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதமே போட்டுவிட்டேன்.

நர்சரிக்காரர்கள் அந்தச் செடியைக் கரிசா என்பார்கள். நம்மூர்க் களாக்காய்ச் செடிக்குப் பங்காளி. சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை. அங்கே மணல்மேடுகளிலும் கடலோரப் புதர்க்காடுகளிலும் வளர்வது. மற்ற செடிகள் இலை கருகிச் சாகிற உப்புக்காற்றை இது முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றும், பக்கத்து உருக்காலைப் புழுதியும், ஒன்றுக்கும் உதவாத எங்கள் சவுட்டு மண்ணும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இலை ஒவ்வொன்றும் தோல்மாதிரி தடிப்பு. மேலே எத்தனை தூசி படிந்தாலும் ஒரு மழைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் பளபளப்பாகிவிடும். முக்கியமாக அது இலை உதிர்க்காத செடி. புது இலை வந்து இடத்தைப் பிடித்த பிறகுதான் பழைய இலை ஒவ்வொன்றாக விழும். கோடையில்கூட வேலியில் வெளிச்சம் தெரியாது.

பிறகு முள். சாதாரண முள் குத்தினால் வந்த வழியே இழுத்துவிடலாம். இதன் முள் நுனியில் இரண்டாகப் பிரியும், கவட்டைக் கம்பு மாதிரி. ஒரு நுனிக்கு விலகினால் அடுத்த நுனிக்குக் கொடுக்கவேண்டும். புடவையைப் பிடித்தால் புடவைதான் கிழிய வேண்டும், முள் விடாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஐந்து இதழில் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். அதன் ஊரில் பெரிய சிவப்புப் பழம் காய்க்குமாம், அப்படியே சாப்பிடுவார்களாம். எங்கள் வேலியில் பூத்ததோடு சரி. அந்தப் பூவுக்கென்று அங்கே இருக்கிற வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் இங்கே இல்லை போலிருக்கிறது. எங்கே உடைத்தாலும் பால் வடியும். அரளிக் குடும்பம்.

இரண்டடிக்கு ஒன்றாகக் குழியெடுத்து, எரு போட்டு, நானே பக்கத்தில் நின்று நட வைத்தேன். தோட்டக் கான்ட்ராக்டின் மேஸ்திரி பெரியபாளையம் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். வேலை தெரிந்த ஆள். ஆனால் குறுக்கு வழியும் தெரிந்த ஆள். கடைசி இருபதடிக்குச் செடி போதாமல் நின்றபோது ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்துவிட்டது.

தொழிற்பேட்டையில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. வளாகத்தில் இவ்வளவு இடம் பச்சையாக இருக்கவேண்டும் என்பது விதி. ஆய்வு என்றால் முதல் நாள் நர்சரி லாரி வரும். வளர்ந்த செடிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்துவிடுவார்கள். அதிகாரிகள் போன மறுநாள் பையோடு தோண்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். வாடகைச் செடி. எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான், நானும் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். அந்த இருபதடிக்கும் லாரியில்தான் செடி வந்தது. ஆனால் என் வேலியில் அப்படிப் பையோடு வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

“கடைசி இருபதடிக்கும் பையைக் கிழிச்சுத்தானே வச்சீங்க?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? எல்லாம் பக்காவா வெச்சாச்சு.”

செடிகளைத் திரும்ப எடுக்க லாரி வரவில்லை. கம்பெனியே அவற்றை வாங்கிக்கொண்டது. நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு மழைக்காலம் போனது. வேலி இடுப்பு, மார்பு என்று வளர்ந்து கைகோத்து அடைத்துக்கொண்டது. மேனேஜர் வெளியாட்கள் யார் வந்தாலும் கூட்டிவந்து காட்டினார். “எங்க மேடம் கைவண்ணம்” என்றார். நானும் கூச்சப்படுவதுபோல் நின்று ரசித்தேன்.

பெண்கள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் வீட்டுக்குக் கற்பூரவல்லி, துளசி என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இப்போது கேன்டீனில் நான் உட்கார்ந்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். போகட்டுமே, நானா ஷிப்ட் போடுகிறேன், நானா கேட்டில் நின்று தடவுகிறேன் என்று எனக்கும் கோபம்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆரம்பாக்கத்திலிருந்து வரும் பெண் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். அந்தப் பக்கம் போவது சூளூர்ப்பேட்டை வண்டிதான். ஆறு மணிக்கு முன்னால் ஒன்று, அதை விட்டால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். ஒருநாள் சாயங்காலம் கேட் வரிசையின் வாலில் அவளைப் பார்த்தேன். கம்பெனி கோட்டின் முன்பக்கம் முழுக்க ஈரம். டிபன் பையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

“கோட்ல தண்ணி கொட்டிக்கிட்டியாம்மா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“தண்ணி இல்ல மேடம், பாலு. கொயந்தைக்கு ஆறரைக்கெல்லாம் பசி வந்துரும். இந்த நேரத்துக்கு நான் ஊட்ல இருந்தா அது குடிச்சிக்கினு இருக்கும்.” அவள் கத்தவில்லை. “நீங்க செடி வெச்சீங்கோ. அதுக்கு இன்னா தெரியும், அது வளருது. வண்டிய விட்டுட்டு நான் போறதுக்குள்ள அது அழுது அழுது தூங்கிடுது. பாலெல்லாம் கல்லாட்டம் கட்டிக்கினு ஒரே பேஜாரா கீது.”

“கேட்ல சொல்லட்டுமா?” என்றேன். சொன்னேன். செக்யூரிட்டி என்னை மேனேஜரிடம் போகச் சொன்னான். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். மறுநாள் பிடித்துக் கேட்டபோது, “ஒருத்திக்கு விட்டா இருநூறு பேருக்கும் விடணும் மேடம்” என்றார். “உங்க வேலி நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?” என்று சிரித்தார்.

அதன் பிறகு அந்த வேலியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கவும் முடியாது. ஆய்வு அறிக்கையின் வரைபடத்தில் ஏறிவிட்ட வேலி, கீழே என் கையெழுத்து. ஒரு செடி காய்ந்தால்கூட நான் பதில் எழுதவேண்டும். ஏதாவது நோய் வந்து தொலையாதா என்று காலையில் போய்ப் பார்ப்பேன். அதற்கு நோயும் வராது, ஆடும் மேயாது. பளபளவென்று நிற்கும். தேர்ந்தெடுத்தவள் நான் அல்லவா? சாயங்காலம் ஆறரைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்போது மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். ஜன்னலைத் திறந்தாலும் சரியாகாது.

மாசி மாதம் ஒரு காலையில், கடைசி இருபதடியில் ஒரு செடி வாடி நின்றது. கரிசா வாடிப் பார்ப்பது அபூர்வம். மற்ற செடியெல்லாம் தளதளவென்று இருக்க, இது மட்டும் இலை சுருண்டு துணி மாதிரி தொங்கியது. குனிந்து மண்ணை விலக்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. மேஸ்திரியின் பக்கா வேலை!

ஆத்திரத்தோடு தண்டைப் பிடித்து அசைத்தேன். செடி பையோடு அப்படியே ஆடியது. குழியின் சுவர் வழவழவென்று தேய்ந்திருந்தது, தினமும் பானை வைத்து எடுக்கிற இடம் மாதிரி. பக்கத்துச் செடியின் அடியில் மடித்துச் செருகிய இரண்டு சாக்குத் துண்டுகள் இருந்தன. எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பம்ப் ரூம் மறைவில் நின்றேன். ஐந்தரைக்கு ஆறேழு பெண்கள் வந்தார்கள். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு இருவர் அந்தச் செடியைப் பையோடு தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஒவ்வொருத்தியாகப் புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆரம்பாக்கத்துப் பெண் கடைசி. வெளியே நின்று செடியை இழுத்துக் குழியில் உட்கார வைத்து, கிளையை இப்படி அப்படித் திருப்பி, பக்கத்துச் செடியோடு பின்னிவிட்டு ஓடினாள். என்னுடைய வேலியில் ஒரு கதவு இருந்திருக்கிறது. நட்ட நாளிலிருந்தே ஒரு சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிரசவத்துக்குப் போயிருந்த இவளுக்குப் பிறகு சொல்லியிருப்பார்கள். எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது.

மேஸ்திரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜரிடம் சொல்லவில்லை. ஏதாவது திருட்டு என்று வந்தால் என் தலைதான் உருளும் என்பதும் தெரியும். ஆனால் ஒரு கவலை இருந்தது. செடி வாடி இலை கொட்டிவிட்டால் வேலியில் ஓட்டை தெரியும், மேனேஜரே பார்த்துவிடுவார். அதனால் அதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக ஒரு குடம் தண்ணீர். மாதம் ஒருமுறை மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்குக் கரைசல். காய்ந்த கிளையைக் கழித்துவிட்டேன். இரண்டே வாரத்தில் துளிர்விட்டது. ஆவணியில் பூத்தது. நான் அந்த வேலையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலம் வேறு இல்லை. பெண்களுக்கு நான் பார்த்தது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. கேன்டீனில் ஒருநாள் ஆரம்பாக்கத்துப் பெண் என் தட்டில் கேட்காமலே ஒரு மீன் வறுவலை வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வருஷம் பலமாக இருந்தது. ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியதால் பெண்கள் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. மெயின் கேட் வரிசையில் குடையோடு நின்றார்கள். மழை நாளிலும் நான் உரத்தை நிறுத்தவில்லை.

மார்கழி பிறந்து ஓடை வடிந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் பம்ப் ரூம் பக்கம் போனபோது ஐந்து பெண்கள் வேலியருகே குனிந்திருந்தார்கள். செடி வரவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள், பிறகு மூன்று பேர். ஆரம்பாக்கத்துப் பெண் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கையால் தண்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையில் ரத்தம்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நர்சரிப் பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். தண்ணீரும் எருவும் ஊற்றி, இரண்டு மாதம் அசைக்காமல் விட்டால் எந்தச் செடியும் அந்த ஓட்டை வழியே வேரை இறக்கிவிடும். இது நாற்று வளர்க்கிற எவருக்கும் தெரியும். தாவரவியல் படித்த எனக்குத் தெரியாதா? பெண்கள் தினமும் தூக்கி வைத்து வேரை அறுத்துக்கொண்டிருந்ததால்தான் அது வாடியது. வாடியதால்தான் அது கதவாக இருந்தது. நான் பாசமாக வளர்த்துப் பூட்டிவிட்டேன்.

ஓடிப்போய்க் கவாத்து ரம்பத்தையும் கடப்பாரையையும் எடுத்துவந்தேன். பெண்கள் என்னைக் கண்டு பயந்து விலகினார்கள். நான் மண்டியிட்டுப் பையின் பக்கத்தில் தோண்ட ஆரம்பித்தேன்.

“இன்னா மேடம் பண்றீங்க?” என்றாள் ஒருத்தி.

“வேர் புடிச்சிருச்சும்மா. என்னாலதான்” என்றேன்.

முள் முழங்கையைக் கிழித்தது. பையின் அடியில் பென்சில் மொத்தத்தில் நான்கு வேர்கள் கீழே இறங்கியிருந்தன. முதல் வேரை அறுத்ததும் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. இரண்டாவது வேரில் இருக்கும்போது ஓடைக்கு அப்பால் வண்டி ஹாரன் கேட்டது. சூளூர்ப்பேட்டை வண்டி எங்கள் கண்முன்னாலேயே, வேலிக்கு மேலே ஜன்னல் வரிசை மட்டும் தெரிய, போனது.

ஆரம்பாக்கத்துப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பம்ப் ரூம் சுவர்ப் பக்கம் திரும்பி, கோட்டுப் பொத்தானை அவிழ்த்து, வலி தாங்காமல் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். அவளோடு வந்தவள் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்க்காமல் அறுத்தேன். இதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

நான்காவது வேர் அறுந்ததும் செடி பையோடு வந்தது. அதற்குள் அவள் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“அடுத்த வண்டி ஏழேகாலுக்குத்தானேம்மா. கேட் வழியாவே போயேன், வரிசை குறைஞ்சிருக்கும்” என்றேன்.

“வேணாம் மேடம். ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்கறது வேற. இங்க நிக்கறது வேற.”

ஐந்து பேரும் இறங்கினார்கள். அவள் வெளியே நின்று வழக்கம்போல் செடியை இழுக்கக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

“நீ போம்மா, நான் மூடிக்கிறேன்” என்றேன்.

உள்ளே நின்றபடி நானே செடியைக் குழியில் வைத்தேன். கிளைகளைப் பின்னினேன். எனக்கு நன்றாக வந்தது. ஒரு எலி நுழைய முடியாது.

இப்போது மாதத்தில் முதல் வாரம் அந்தப் பையைத் தூக்கி, அடியில் எட்டிப் பார்க்கும் வேரை அறுத்து வைக்கிறேன். சாகாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், பிடிக்காத அளவுக்கு அறுக்கிறேன். இலை பச்சையாகத்தான் இருக்கிறது, பூக்கிறது. ஆரம்பாக்கத்துப் பெண்ணின் குழந்தை பால் மறந்து பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிட்டது. அவள் இன்னும் அந்த வழியில்தான் போகிறாள். போகும்போது என்னையும் ஒருநாள் கூப்பிட்டாள்.

“வாங்க மேடம், ஒரு தபா எங்களோட வந்து பாருங்க. பத்து நிமிசந்தான்.”

“பஸ் நிக்குதும்மா” என்றேன். இதுவரை ஒரு தடவைகூட நான் அந்த வழியில் போனதில்லை.